மாலை போட்ட சேர்வர்

தோட்டத்து ஸ்டாப் குவாட்டர்ஸ்,
பசறை.
புதன்கிழமை இரவு

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய கிரிஷாந்தன் அண்ணாவுக்கு, உங்கள் சித்தி மகள் கம்சலா எழுதுவது.

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம். பெரியம்மாவுக்கு நிச்சயமாகக் காட்ட வேண்டாம். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிந்தால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை முழுக்கத் தெரியும். உங்களோடு டேட்டா சென்டரில் வேலை செய்கிறவர்களுக்கும் காட்ட வேண்டாம், அவர்கள் சிரிப்பார்கள். வாசித்து முடித்ததும் கிழித்து இரண்டு வெவ்வேறு குப்பைத் தொட்டிகளில் போட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். டியூஷன் நோட்ஸ் அச்செடுப்பதற்காக என் வாட்ஸ்அப்பை அப்பா தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தே வைத்திருக்கிறார், நான் இங்கே எழுதும் ஒவ்வொரு வரியும் அங்கே திரையில் வரும். போனில் பேசலாம் என்றால் எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகை, அம்மா அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் என் கட்டில் ஆடுகிறது. அதனால் புவியியல் கொப்பியின் நடுத்தாள்களைக் கழற்றி, போர்வைக்குள் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். என் வகுப்புத் துஷாந்தினியின் மாமா நாளைக் காலை முதல் பஸ்ஸில் கொழும்புக்கு வருகிறார். தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் சந்தேகம் என்று சொல்லி இதை அவரிடம் கொடுக்கப்போகிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

கதவு எந்த நேரத்திலும் தட்டப்படலாம் என்பதால் கடைசியில் எழுத வேண்டியவற்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். பெரியம்மாவின் கால் வீக்கம் வடிந்திருக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். பெரியப்பாவுக்கு என் வணக்கம். உங்களுக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும். இவற்றைக் கடிதத்தின் அடியில் எழுதியதாக நினைத்து வாசிக்கவும்.

இனி விஷயம். அண்ணா, நான் அப்பாவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேன்.

அந்தச் சேர்வர் கம்ப்யூட்டர் பங்குனி மாதம் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்ததும், மலையில் கொழுந்து நிறுக்கும் தராசுகள் எல்லாம் அதோடு பேசுவதும் உங்களுக்குத் தெரியும். அது படுத்துவிட்டால் தராசுகளும் படுத்துவிடும், நிறுவைக்கு நிற்கும் பெண்கள் மழையில் நிற்பார்கள், திட்டு முழுவதும் தொழிற்சாலைக் கிளாக்கராகிய அப்பாவுக்கு வரும். பின்னேர இடிமழைக்கு கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் யாராவது நேரில் போய் அதன் பட்டனை அமுக்க வேண்டியிருந்தது. அந்த யாராவது எப்போதும் அப்பாதான். குவாட்டர்ஸிலிருந்து தொழிற்சாலைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. ஒருநாள் அவர் காலில் பதினெட்டு அட்டைகளை நான் உப்புப் போட்டு எடுத்தேன். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அவருக்கு ‘பட்டன் கிளாக்கர்’ என்று பெயர் வைத்துவிட்டார். அதோடு விடவில்லை. சேர்வர் சூடாக இருக்கிறது என்று தன்னுடைய சோற்றுப் பார்சலைத் தினமும் அதன் தலையில் வைத்தார். அப்பா ஒவ்வொரு நாளும், “ஐயா, இது நல்லதில்லங்க, தூசி போகும், எண்ணெய் வடியும்” என்று சொல்வார். டீமேக்கர் ஐயாவும் ஒவ்வொரு நாளும், “என்னா கிளாக்கரே, ஒம்ம மிஷினுக்குப் பசிக்காதா?” என்று கேட்பார். ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட மாட்டார்.

அப்போதுதான் நீங்கள் போனில், “சித்தப்பா, அந்தப் பெரிய மிஷினுக்குள்ள ஒரு சின்ன மிஷின் இருக்கு. பெருசு செத்த மாதிரி கெடந்தாலும் சின்னது முழிச்சிக்கிட்டே இருக்கும். அதுக்கிட்ட சொன்னா பெருச எழுப்பி விட்டுரும். வீட்டுல இருந்தே செய்யலாம்” என்று சொன்னீர்கள். அப்பா, “அப்ப ராவெல்லாம் தனியா முழிச்சிக்கிட்டு அது என்னா பண்ணும்?” என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்தே எனக்குப் பயம்தான்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் போனில் சொல்லச் சொல்ல நான்தான் எல்லாம் செய்தேன். பின்பக்கம் ஒரே மாதிரி நான்கு ஓட்டைகள் இருந்தன. ஸ்பேனர் படம் போட்ட ஓட்டை என்று நீங்கள் சொன்னது சரியாகக் கேட்காமல் நான் தராசு வயரைப் பிடுங்கிவிட்டு அதில் செருகியதும், பதினொரு நிமிடம் மலையில் ஒரு தராசும் பேசாமல் இருந்ததும், மேலேயிருந்து கங்காணி விசில் ஊதியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பிறகு சரியான ஓட்டையைக் கண்டுபிடித்து, தொழிற்சாலை லைன் போனாலும் இதற்கு ஒரு தனிப் பாதை இருக்க வேண்டும் என்று என்னுடைய பழைய ரவுட்டரை ஜன்னலில் கட்டி, முன்பக்கத்து இழுப்புத் தகட்டிலிருந்த பாஸ்வேர்டை வாசித்துச் சொல்லி, அதை உடனே உங்களுக்கு மட்டும் தெரிந்த வேறொன்றாக மாற்றி, அப்பா பெயரில் ஒன்றும், நானும் பார்க்கட்டும் என்று என் பெயரில் ஒன்றும் போட்டு முடித்தோம். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். “எனக்கு இதெல்லாம் வெளங்காது தம்பி, பாப்பாவுக்கே சொல்லிக் குடு.” அன்று பின்னேரம் கரண்ட் போய் வந்தபோது அப்பாவின் போனை நான் பிடித்து, அவருடைய கட்டைவிரலை நானே எடுத்துப் பட்டனில் வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு படிக்குக் கீழே, இருட்டுக்குள், பச்சை லைட் எரிவது ஜன்னலில் தெரிந்தது. அப்பா அந்தப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. ஒருநாள் சேர்வரை முழுதாக அணைத்த பிறகு என் போனில் பார்த்தேன். இயந்திரம்: அணைந்துள்ளது. உள் வெப்பம்: இருபத்தொரு பாகை. உடல்நிலை: நன்று. அண்ணா, அணைந்த ஒன்று உடல்நிலை நன்று என்று சொல்கிறது. செத்த வீட்டில் படுத்திருப்பவர் எழுந்து எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இப்போது பாவத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை சரஸ்வதி பூசை. தொழிற்சாலையில் அன்றுதான் ஆயுத பூசையும். ரோலர், தேயிலை சலிக்கும் அரிப்பு மிஷின், தராசு எல்லாம் கழுவி, நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அடுத்தநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. சேர்வருக்கும் அப்படியே. அப்பா எல்லோர் முன்னாலும் அதை முறையாக நிறுத்தினார். வீட்டில் என் புத்தகங்களைச் சாமிப் படத்தடியில் அடுக்கியாகிவிட்டது. படிப்பதற்கு வாங்கிக் கொடுத்தது என்பதால் என் போனும் அந்த அடுக்கில், விஞ்ஞானப் புத்தகத்துக்கும் கணிதப் புத்தகத்துக்கும் நடுவில் இருந்தது. அண்ணா, நான் அதை உருவி எடுத்துவிட்டேன். பூசை முடியும் முன், சரஸ்வதியின் மடியிலிருந்து, குளிக்காமல். சால்வைக்குள் மறைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன்.

கெட்ட எண்ணம் இல்லை. சேர்வரின் நெற்றியில் ஒரு நீல லைட் இருக்கிறதே, பல மிஷின்களுக்கு நடுவில் இதுதான் நம்முடையது என்று அடையாளம் காட்டச் சிமிட்டுவது. தீபம் காட்டும்போது அதைச் சிமிட்ட வைத்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அவருடைய மிஷினையும் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

ஆபீஸ் அறை நிறைய ஆட்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பெண்களோடு நின்றேன். பூசாரி சூடத்தோடு சேர்வர் முன்னால் வந்தார். டீமேக்கர் ஐயாவின் சோற்றுப் பார்சல் அன்றும் அதன் தலையில்தான் இருந்தது, எடுக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அப்பா பக்கத்தில் பூசைத் தட்டோடு நின்றார். தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், செவ்வந்திப்பூ, ஆபீஸ் சீல், அவருடைய போன். வேலைச் சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பதால் போனுக்கும் பொட்டு வைத்திருந்தார். தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக் கும்பிட்டார். அப்பாவை இவ்வளவு பக்தியோடு நான் பார்த்ததே இல்லை.

மணி அடித்தது. நான் சால்வைக்குள் திரையைப் பார்க்காமலே நீல லைட் இருக்கும் இடத்தை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும்.

சேர்வர் எழுந்தது. நீல லைட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இயக்குகிற பட்டனில் என் விரல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். எழும்போது அதன் விசிறிகள் எல்லாம் முழு வேகத்தில் அலறும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் நெற்றியில் குங்குமத்தோடு அலறும் என்று சொல்லவில்லை. முன்பக்கத்தால் காற்றை இழுக்கும் மிஷின் அல்லவா, பூசாரி கையிலிருந்த சூட நெருப்பு அப்படியே சாய்ந்து உள்ளே போனது. அரிப்புக் காம்பராவில் வேலை செய்யும் அன்னலட்சுமி அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஆத்தாடி, சூடத்த வாங்கிக்கிது பாருங்கடி” என்றார். பூசாரி மிரண்டு மணியை நிறுத்தினார். மிஷினும் நின்றது. அவர் பயந்துபோய் மறுபடி அடித்தார். மறுபடி எழுந்தது.

“யாருடா சுவிட்ச போட்டது?” என்று டீமேக்கர் ஐயா கேட்டார். கேட்கும்போதே குரல் பாதியாகக் குறைந்துவிட்டது.

“யாரும் தொடலீங்க ஐயா. எல்லாரும் கும்புட்டுக்கிட்டுல நிக்கிறோம்” என்றார் பூசாரி. “ஒங்க பார்சல முதல்ல எடுங்க.”

டீமேக்கர் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு, பார்சலை இரண்டு கையாலும் எடுத்தார். அதன் மேலே இருந்தது என்பதால் அதுவும் பிரசாதம் என்று பூசாரி அங்கேயே பிரித்தார். உள்ளே நெத்தலிக் கருவாடு. பூசை நாளில், தொழிற்சாலை முழுவதும் சைவம் என்று நோட்டீஸ் ஒட்டியவரே டீமேக்கர் ஐயாதான். அன்னலட்சுமி அக்கா, “அதான் சத்தம் போட்டிருக்கு” என்றார். நான் போனைச் சால்வைக்குள் அணைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அதைத் திரும்பவும் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நடுவில் செருகிய அவசரத்தில் சரஸ்வதி படம் சாய்ந்து விழுந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த இரவில் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். அப்பா நினைத்ததெல்லாம் நடந்தது. யாரும் அதன்மேல் பார்சல் வைப்பதில்லை. டீமேக்கர் ஐயா அப்பாவை ‘தங்கராஜா சார்’ என்று கூப்பிடுகிறார். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்தவர்கள் பெரட்டுக் களத்துக்குப் போகாமல் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மாலை. சேர்வர் மூச்சு இழுக்கும் முகம் முழுவதும் செவ்வந்தி. முன்னால் குத்துவிளக்கு, அணையாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்தவரை அப்பா குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறார். மாலையை எடுக்கப் போனதற்கு அன்னலட்சுமி அக்கா, “சார், சாமி ஏத்துக்கிட்டத எடுக்க நீங்க யாருங்க?” என்று கேட்டாராம். அப்பா வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது பலகை வழியாகக் கேட்டது.

இதையெல்லாம் நான் வீட்டிலிருந்தே போனில் பார்க்கிறேன் அண்ணா. அதுதான் கொடுமை. மூச்சு இழுக்கும் பக்கத்து வெப்பம் திங்கள் இருபத்தொன்று, செவ்வாய் இருபத்தொன்பது, இன்று பின்னேரம் முப்பத்தெட்டு. மூன்றாவது விசிறியில் கோளாறு என்று மஞ்சள் எழுத்து, விபூதி போயிருக்க வேண்டும். அத்தனை மாலைகளுக்குள் அது மூச்சு முட்டிச் சாவதை நான் ஒருத்திதான் பார்க்கிறேன், சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மேலும் ஒன்று. தானாக எழுந்த சேர்வரைப் பற்றித் தோட்டத்துத் துரை கொழும்புக்குச் சொல்லிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார். அந்தச் சின்ன மிஷின், தன்னிடம் யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்குமாம், அதைத் திறந்து பார்த்து ஆளைப் பிடிப்பாராம். பிடித்தால் அப்பாவின் வேலை போகும். வேலை போனால் இந்தக் குவாட்டர்ஸும் போகும். எனக்கு இது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம்.

மூன்று நாளாக நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அம்மா எனக்குக் கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார், வீடு முழுக்க இருமினோம். இன்று ஒரு முடிவுக்கு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, நீங்கள் நாளைக்கே அப்பாவுக்குப் போன் எடுத்து, கொழும்பிலிருந்து பார்த்தேன், சூடு ஏறுகிறது, மாலையைக் கழற்றுங்கள் என்று நீங்களாகவே சொல்வது போலச் சொல்ல வேண்டும். இரண்டு, அந்தப் பதிவேட்டை அழிக்காமல் அப்படியே அச்செடுத்து, வெள்ளிக்கிழமைக்கு முன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதில் என் பெயர் இருக்கும். இதைச் செய்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, தங்கராஜா என்ற கிளாக்கருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவருக்கு இதெல்லாம் விளங்கவே விளங்காது என்று நீங்களே கையெழுத்துப் போட்டு எழுதுங்கள். அப்பா குற்றமில்லாதவர் என்பதற்கு அந்தப் பதிவேடு ஒன்றுதான் சாட்சி.

இப்படிக்கு,
சரஸ்வதியிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கும்
கம்சலா

பின்குறிப்பு: எதையும் அனுப்ப வேண்டாம். மேலே எழுதியதெல்லாம் பிழை.

சரியான வெப்பத்தை உங்களுக்கு எழுதலாம் என்று இப்போது போனைத் திறந்தேன். நாற்பத்திரண்டு. பக்கத்தைத் தள்ளும்போது விரல் பட்டு அந்தப் பதிவேடே திறந்துகொண்டது. திங்கட்கிழமை, பத்து நாற்பத்தொன்று. கம்சலா கேட்டது, அனுமதி இல்லை. கம்சலா கேட்டது, அனுமதி இல்லை. கம்சலா கேட்டது, அனுமதி இல்லை. எனக்குப் பார்க்க மட்டும்தான் உரிமை கொடுத்திருக்கிறீர்கள் அண்ணா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் மூன்று நாள் சோறு சாப்பிட்டிருப்பேன்.

அதற்கு அடுத்த வரிகள். இயக்கு, தங்கராஜா. நிறுத்து, தங்கராஜா. இயக்கு, தங்கராஜா.

நான் டோர்ச்சைப் பக்கத்தில் பிடித்து மூன்று தடவை வாசித்தேன். பூசைத் தட்டு. வெற்றிலை. பொட்டு வைத்த போன். குனிந்த தலை, அசைந்த உதடு. என் அப்பா. ‘எனக்கு இதெல்லாம் வெளங்காது’ அப்பா.

அதனால் அண்ணா, அச்செடுக்க வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்தப் பதிவேட்டை ஒரு வரி விடாமல் அழித்துவிடுங்கள். அழிக்கவே முடியாது என்றால் அந்தப் பட்டன்களை அமுக்கும் உரிமையை எனக்கும் கொடுத்து, நான்தான் செய்தேன் என்று

பதிவேட்டின் அடியில் இப்போது புதிதாக வரிகள் ஏறுகின்றன. பதினொன்று ஐம்பது, தங்கராஜா உள்ளே வந்தார், வெப்பம் பார்த்தார். பன்னிரண்டு நான்கு, தங்கராஜா வெப்பம் பார்த்தார். பன்னிரண்டு ஒன்பது, பார்த்தார். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம் தெரிகிறது. கட்டில் ஆடுகிறது, ஆனால் அது அம்மா இல்லை. காலடி.

அப்பா கதவைத் தட்டுகிறார். மெதுவாக, ஒற்றை விரலால்.

“பாப்பா. முழிச்சிருக்கியா? அம்மாவ எழுப்பாம ஒரு நிமிசம் வா. இது நாப்பத்தி நாலுன்னு செவப்பா காட்டுது. வா, போய் மாலைய